மூன்று தாழ்ப்பாள்களுக்கு ஒரு விடைக்குறிப்பு

மே 5, திங்கள்

திருச்சிக்கு வந்து சேர்ந்தாயிற்று. விடைத்தாள் திருத்தும் முகாம். கல்லூரியின் மகளிர் விடுதியிலேயே தங்க இடம் கொடுத்திருக்கிறார்கள். மாணவிகள் விடுமுறைக்குப் போனபிறகு ஒருவரும் துடைப்பத்தைத் தொடவில்லை என்பது வாசலிலேயே தெரிகிறது. மெத்தையில் யாருடைய தலைமுடியோ சுருண்டு கிடந்தது. ஜன்னல் ஓரம் பாதி தின்ற பிஸ்கட், அதைச் சுற்றி எறும்புக் கூட்டம். குளியலறையில் கால் வைக்கவே அருவருப்பு. ஆனாலும் வந்தவுடன் ஒரு தடவை, சாப்பிட்டபிறகு ஒரு தடவை என்று இரண்டு தடவை குளித்தேன். நிதானமாகக் குளித்தேன்.

பக்கத்துக் கட்டில் ஜெசிந்தாவுக்கு. நாகப்பட்டினத்தில் ஒரு கல்லூரியில் தமிழ் நடத்துகிறாள். என்னைவிடப் பத்து வயது சிறியவள். வாய் ஓயவே ஓயாது.

"அபயாக்கா, இந்தச் சாம்பார்ல பருப்பு எங்க இருக்குன்னு ஒரு பிஎச்.டி.யே பண்ணலாம்க்கா" என்றாள். நியாயமான தலைப்புதான்.

மாலையில் மன்னார்குடியிலிருந்து வீட்டுக்காரர் வீடியோவில் வந்தார். அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னார். காட்டினேன். கூட இருப்பவளைக் காட்டு என்றார். ஜெசிந்தா தலையைச் சரிசெய்துகொண்டு வணக்கம் சொன்னாள். அப்புறம் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "ரொம்ப அக்கறைப்படுவார்" என்று சொல்லிவைத்தேன்.

மே 6, செவ்வாய்

எங்கள் மேசைக்குத் தலைமைத் தேர்வாளர் சடகோபன் சார். எங்கள் திருத்தத்தைச் சரிபார்க்க வேண்டியவர். கெட்டவர் இல்லை, களைத்தவர். எதைக் கேட்டாலும் "கீயப் பாருங்க மேடம்" என்பார். கீ என்றால் விடைக்குறிப்பு. கேள்வித்தாள் எடுத்தவரே அதையும் எழுதித் தருவார், அதில் இருப்பதற்கு மதிப்பெண், இல்லாததற்குக் கிடையாது. யார் எழுதியது என்பது ரகசியம்.

இந்தத் தடவை எனக்கு வாய்த்தது புதிய தாள். கவிதை, நாடகம், திரைப்பாடல் மூன்றையும் ஒன்றாகப் போட்டு, படிமம் என்ன, கருப்பொருள் என்ன என்று பிள்ளைகள் ஆராய வேண்டும். பெரிய கேள்வி தாழ்ப்பாளைப் பற்றியது. மூன்றிலும் தாழ்ப்பாள் எப்படி வருகிறது என்று எழுத வேண்டும். நாடகத்தில் ஒரு கஞ்சப் பண்ணையார் நெல் அறையைப் பூட்டி வைத்திருக்கிறார். பாட்டில் ஒருத்தன் "மனசுக்குள்ள தாப்பா போட்டவளே, மச்சான் வந்து தட்டுறேண்டி" என்று கதவை உதைக்கிறான், பின்னால் ஐம்பது பேர் இடுப்பை ஆட்டுகிறார்கள். கவிதை சிறியது.

என் வீட்டில் ஒரே ஒரு தாழ்ப்பாள்.
சோப்பு நுரை மேலிலேயே காயும்வரை
அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.
வெளியே
செருப்புச் சத்தம் நின்றுவிட்டது.
போய்விட்டது என்று அர்த்தமில்லை.

எழுதியவர் பெயர் நீலமதி. "கவிஞரைப் பற்றிய குறிப்புகள் கிடைக்கவில்லை" என்று பாடநூலில் போட்டிருக்கிறார்கள். கிடைக்காமலே இருக்கட்டும்.

இனி விடைக்குறிப்பு. அப்படியே எழுதி வைக்கிறேன், என்றாவது நான் மிகைப்படுத்துகிறேன் என்று எனக்கே தோன்றினால் பார்த்துக்கொள்ள.

"தலைவி நீராடுங்கால் தாழ்ப்பாளைப் பற்றி நிற்பது அவள்தன் நாணத்தைக் குறிக்கும். செருப்போசை நின்றமை, தலைவன் ஆர்வத்தோடு காத்து நிற்கும் பொறுமையைப் புலப்படுத்தும். மனையறத்தின் இனிமையே இதன் கருப்பொருள் என்பது வெள்ளிடைமலை என்க."

படித்ததும் வாயெல்லாம் புளித்தது. காலையில் தின்ற இட்லிமேல் பழியைப் போட்டேன். இந்தக் காலத்தில் பத்திக்குப் பத்தி "என்க" போடுகிற ஆள் எத்தனை பேர் இருப்பார்கள்?

மே 7, புதன்

நாணம். நாணம். நாணம். எந்தக் கட்டைப் பிரித்தாலும் அதே வாக்கியம், அதே பிழையோடு. கைடு போட்டவன் "நாணத்திர்க்கு" என்று எழுதியிருப்பான்போல, மூன்று மாவட்டப் பிள்ளைகளும் "நாணத்திர்க்கு" என்றே எழுதியிருக்கிறார்கள். எதிர்மேசைப் பரமகுரு எச்சில் தொட்டுத் தாள் புரட்டுகிறார். அந்தத் தாள்கள் நாளைக்குக் கூட்டல் சரிபார்க்க என் மேசைக்கு வரும் என்று நினைத்தாலே குமட்டுகிறது. புரட்டிக்கொண்டே "மச்சான் வந்து தட்டுறேண்டி" என்று முணுமுணுக்கிறார்.

"என்ன மேடம் மொகத்த சுளிக்கிறீங்க? செம பாட்டு மேடம். என்னா ஒரு தவிப்பு!"

"கதவ ஒதைக்கிறதா தவிப்பு?"

"லவ்வுல ஒதைக்கிறான் மேடம்" என்றார். அவரும் முனைவர் பட்டம் வாங்கியவர்.

நாணம் என்று எழுதிய எல்லோருக்கும் மதிப்பெண் போட்டேன். கை வலிக்கிறது. வேறெங்கோவும் வலிக்கிறது, எங்கே என்று தெரியவில்லை.

வீட்டுக்காரர் இன்றைக்குக் கூப்பிடவில்லை, குறுஞ்செய்திதான். "உணவு உண்டனையா? உடல்நலம் பேணுக. வீண்பேச்சுத் தவிர்க்க என்க."

மே 8, வியாழன்

இன்றைக்கு ஒரு தாள் வந்தது.

கோழி கிளறிய மாதிரி கையெழுத்து. மற்ற விடைகள் எல்லாம் சுமார். கூட்டிப் பார்த்தேன். இந்தத் தாழ்ப்பாள் கேள்விக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தால் தேர்ச்சி, இல்லாவிட்டால் தோல்வி. எழுதியவள் யாரென்று தெரியாது. பெயர் இருக்கும் பகுதியைக் கிழித்துவிட்டு ரகசிய எண் ஒட்டித்தான் எங்களிடம் தருவார்கள். பெண் என்பது மட்டும் எழுத்தில் தெரிகிறது.

அவள் எழுதியிருப்பது:

"பாட்டில் கதவைத் தட்டுகிறவன் மட்டும்தான் பாடுகிறான். உள்ளே இருப்பவளுக்கு ஒரு வரிகூட இல்லை. அவள் ஏன் தாழ்ப்பாள் போட்டாள் என்று பாட்டில் யாரும் கேட்கவில்லை. நாடகத்தில் பண்ணையார் போட்ட தாழ்ப்பாளைக் கடைசியில் அவர் மகள் திறக்கிறாள், அது நெல்லுக்காக மட்டும் இல்லை, அவளும் வெளியே வருகிறாள். கவிதையில் இருப்பவள் குளிக்கவில்லை. ஒளிந்திருக்கிறாள். வெளியே நிற்பது காதலன் என்றால் அவன் செருப்புச் சத்தத்தை இவள் ஏன் இவ்வளவு உன்னிப்பாகக் கேட்க வேண்டும்? பிடித்த ஆள் வரும் சத்தத்தைக் கேட்போம். பிடிக்காத ஆள் போகும் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டே இருப்போம். கருப்பொருள் பயம்."

அதற்குக் கீழே இன்னும் மூன்று வரி. "எங்கள் வீட்டில் தாழ்ப்பாளே இல்லை. அதனால் இந்தக் கவிதை எனக்குச் சீக்கிரம் புரிந்தது. ஹாஸ்டலில் தாழ்ப்பாள் இருக்கும் என்று மேல்படிப்புக்கு எழுதிப் போட்டிருக்கிறேன்."

எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தேன். சரியான வெயில்.

பதினைந்துக்குப் பதின்மூன்று போட்டேன். பதினைந்தே போட்டிருக்க வேண்டும். தமிழாசிரியப் புத்தி, கையெழுத்துக்கு இரண்டு குறைத்துவிட்டது.

மே 9, வெள்ளி

சடகோபன் சார் அந்தப் பதின்மூன்றை அடித்து இரண்டு என்று போட்டுவிட்டார். இரண்டும் நாடகப் பகுதிக்காம்.

"என்ன சார் இது? கட்டுலயே சொந்தமா யோசிச்சு எழுதின ஒரே பொண்ணு சார்!"

"யோசிக்கச் சொல்லி யாரு மேடம் கேட்டா? கீயப் பாருங்க. நாணம், பொறுமை, இனிமை. ஒண்ணாவது இருக்கா?"

"கீ தப்பு சார்."

சிரித்தார். "கீ போட்டது யாருன்னு தெரிஞ்சா இப்படிப் பேசமாட்டீங்க மேடம்."

எனக்குத் தெரியும் என்று சொல்லவில்லை.

"இன்னொண்ணு, கடைசியில சொந்தக் கதை எழுதியிருக்கு பாருங்க. அது அப்பீல். 'அம்மாவுக்கு உடம்பு சரியில்ல, பாஸ் போடுங்க'ன்னு எழுதுறதும் இதுவும் ஒண்ணுதான். சட்டப்படி முறைகேட்டுக் கமிட்டிக்கு அனுப்பணும். பொண்ணாச்சேன்னு அனுப்பல. ரெண்டோட விட்டுடுங்க, அதுவே பெரிய புண்ணியம்."

இரண்டோடு விட்டால் அவள் நவம்பரில் மறுபடி எழுத வேண்டும். மேல்படிப்பு இடம் போய்விடும். நவம்பர் வரை அந்த வீட்டில் இருக்க வேண்டும். இதைச் சடகோபனிடமும் சொன்னேன். "அதுக்கு நாம என்ன பண்றது மேடம்?" என்றார். பிறகு வடையைத் தொட்டுக்கொள்ளச் சட்னி இருக்கிறதா என்று விசாரித்தார். அந்த வடையை அவர் மென்ற விதத்தை இந்த ஜென்மத்தில் மறக்கமாட்டேன்.

மே 10, சனி

வீட்டுக்காரர் வீடியோவில் வந்தார். வழக்கம்போல அறை தரிசனம். ஜெசிந்தா தேவாலயத்துக்குப் போயிருந்தாள்.

"என்ன, மொகம் ஒரு மாதிரி இருக்கு?"

"கீ படிச்சேன்."

"எந்தக் கீ?" வாய் கேட்டது, கண் சிரித்தது.

"'என்க' போட்ட கீ."

"கண்டுபுடிச்சிட்டியா? கெட்டிக்காரிதான்."

"அந்தக் கவிதைய நீங்கதான் பாடத்துல வச்சீங்களா?"

"பின்ன? பாடத்திட்டக் குழுவுல நான்தான இருக்கேன். நல்ல கவிதை. எழுதினவளுக்குத்தான் அதோட அர்த்தம் புரியல."

"எழுதினவ யாருன்னு தெரியுமாங்க?" என்று கேட்டேன்.

"அந்தக் கவிதை வந்த பத்திரிகை நம்ம வீட்டுக்குத்தான வந்துச்சு அபயா? போஸ்ட்மேன் என் கையிலதான குடுத்தான்? நீலமதியாம், நீலமதி! நான் ஏதாச்சும் கேட்டனா? ஒரு வார்த்த கேட்டனா? எவ்வளவு பெருந்தன்மையா விட்டேன்! இப்பப் பாரு, ஒரு கௌரவமான அர்த்தம் குடுத்து, கைடுலயும் போட வச்சு, புள்ளைங்க எல்லாம் மனப்பாடம் பண்ற மாதிரி செஞ்சு வச்சிருக்கேன். இனி அதுக்கு அந்த அர்த்தம்தான். போ, போய்ச் சாப்புடு."

சாப்பிடவில்லை.

சரி, எழுதிவிடுகிறேன். இத்தனை பக்கம் யாரோ ஒருத்தியைப் பற்றி எழுதுவதுபோல எழுதிக்கொண்டிருக்கிறேன், என் நாட்குறிப்பில்கூட. நீலமதி நான்தான். கல்யாணமாகி ஐந்தாம் வருடம் எழுதிய கவிதை அது. எழுதியது அந்த ஒன்றுதான். அவர் கை ஓங்கினால் நான் ஓடிப்போய் நிற்க அந்த வீட்டில் ஒரு குளியலறைதான் இருந்தது.

அந்தப் பத்திரிகை வந்திருக்க வேண்டிய மாதத்தில்தான் தச்சரை அழைத்து வந்து குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றினார். துருப்பிடித்துவிட்டது, வேறு மாட்டலாம் என்றார். வேறு மாட்டவே இல்லை. பத்திரிகையும் என் கண்ணில் படவில்லை, அவர்கள் அனுப்பவில்லை என்றே நினைத்துக்கொண்டேன். இருபது வருடமாகத் துரு என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். படிமம் நடத்துகிறேனாம், குறியீடு நடத்துகிறேனாம். தூ.

மே 11, ஞாயிறு

முகாம் விடுமுறை. காலையிலிருந்து வாந்தி. ஜெசிந்தா சோடா வாங்கி வந்து கொடுத்தாள்.

மே 12, திங்கள்

அந்தக் கட்டு இன்னும் அலுவலகத்துக்குப் போகவில்லை. காலையில் போனதும் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு சடகோபன் சார் முன்னால் நின்றேன். ஜெசிந்தாவும் கூட வந்து நின்றாள். அவளும் அந்த விடையைப் படித்துவிட்டாள்.

"விடமாட்டீங்கபோல" என்றார். "சரி. கீல சந்தேகம்னா கீ போட்டவரையே கேக்கலாம்னு விதி இருக்கு. கேட்டுடுறேன். அவர் சொல்றதுதான் முடிவு. ஒத்துக்கிறீங்களா?"

நான் பதில் சொல்வதற்குள் எண்ணை அழுத்திவிட்டார். மின்விசிறி இரைச்சலில் காது கேட்காது என்று ஒலிபெருக்கியில் போட்டு மேசைமேல் வைத்தார். பேர் மட்டும் சொல்லமாட்டாராம், ரகசியமாம்.

"சொல்லுங்க சடகோபன்" என்றது என் வீட்டுக் குரல். ஜெசிந்தாவும் அந்தக் குரலைக் கேட்டிருக்கிறாள். அவள் கை என் முழங்கையைப் பிடித்தது.

சடகோபன் சார் அந்த விடையை முழுசாக வாசித்துக் காட்டினார். கருப்பொருள் பயம் என்றபோது அந்தப் பக்கம் ஒரு செருமல். கடைசி மூன்று வரியையும் வாசித்தார்.

"வக்கிரம்" என்றார் வீட்டுக்காரர். "அந்தப் பொண்ணு வீட்டுல ஏதோ கோளாறு சார். அந்தக் குப்பையக் கொண்டாந்து ஒரு நல்ல கவிதைமேல கொட்டுது. அந்த ரெண்டு எதுக்கு? சைபர் போடுங்க. சொந்தக் கதை எழுதினதுக்குக் கமிட்டிக்கும் அனுப்புங்க, அப்பதான் புத்தி வரும். எழுதினவங்களே நேர்ல வந்து சொன்னாலும் இந்தக் கீ மாறாது."

"எழுதினவ நேர்லதான் நிக்கிறேன்" என்றேன்.

சடகோபன் சார் நிமிர்ந்தார்.

"அபயாதான் பேசுறேன். அந்தப் பாத்ரூம் நம்ம வீட்டுப் பாத்ரூம். அடி வாங்கிட்டு உள்ள ஓடி நின்னது நான். வெளிய நின்ன செருப்பு ஒங்களோடது. அந்தப் பொண்ணு சரியாத்தான் எழுதியிருக்கு. இத்தன பேரு படிச்சதுல அது ஒண்ணுதான் சரியாப் படிச்சிருக்கு."

அவர் ஃபோனை வைத்துவிட்டார்.

எதிர்மேசைப் பரமகுரு பாதி புரட்டிய தாளோடு எட்டிப் பார்த்தார். சடகோபன் சார் என் முகத்தைப் பார்க்காமல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை:

"அப்ப மொத்தக் கட்டையும் மறுபடி திருத்தணுமா மேடம்?"

சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் வந்தது. ஜெசிந்தா அவரை ஏதோ கெட்ட வார்த்தை சொன்னாள், நல்லவேளை வாய்க்குள்.

அவர் பாவம், அப்புறம் சுதாரித்துக்கொண்டார். நாணம் என்று எழுதிய பிள்ளைகளைத் தண்டிக்க முடியாது, அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது அது, இரண்டு விடையையும் ஏற்றுக்கொள்ளலாம் என்றார். அந்தப் பொய்க்கும் மதிப்பெண் தொடரும் என்பது நெஞ்சை அறுக்கிறது. ஆனால் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? ஒப்புக்கொண்டேன். கமிட்டிப் பேச்சை அவர் மறுபடி எடுக்கவில்லை. கீயை மாற்றக் காரணம் எழுத வேண்டுமாம்.

"என்னன்னு எழுதட்டும் மேடம்?"

"கவிதை எழுதியவர் சொன்னார்னு எழுதுங்க. கீழ என் பேரப் போடுங்க. அபயாம்பிகை. நீலமதி வேணாம்."

இரண்டை அடித்துப் பதின்மூன்று என்று போட்டார். நான் பேனாவை வாங்கிப் பதினைந்து ஆக்கினேன். அவர் தடுக்கவில்லை.

மே 13, செவ்வாய்

முகாம் முடிந்தது. செய்தி நேற்றே எல்லா மேசைக்கும் போய்விட்டது. சாப்பாட்டு வரிசையில் எனக்கு வழிவிடுகிறார்கள், துக்க வீட்டில் விடுவதுபோல. வீட்டுக்காரர் பெயரைச் சொல்லி, எழில்வாணன் சாரா, அவ்வளவு நல்ல மனுஷனா என்று இரண்டு பேர் என் காதுபடவே பேசினார்கள். அவர் எழுதிய இல்லறவியல் உரையைப் பற்றி ஒருவர் உருகினார். கேட்டுக்கொண்டே அந்தத் தண்ணிச் சாம்பாரை ஊற்றிக்கொண்டேன்.

பரமகுரு தயங்கித் தயங்கி வந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. அந்தச் சோப்பு நுரை, அது எதுக்குக் குறியீடு மேடம்?"

"தண்ணி ஊத்துனா உள்ள இருக்கேன்னு சத்தம் கேக்கும் சார். அதான் ஊத்தல."

"ஓ" என்றார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து உள்ளங்கையில் குறித்துக்கொண்டார். அடுத்த வருடக் கைடில் வந்துவிடும், பிழையோடு.

வீட்டுக்காரர் காலையிலிருந்து விடாமல் கூப்பிடுகிறார். நான் எடுக்கவில்லை. கடைசியாக ஒரு குறுஞ்செய்தி. "என் மானத்தை வாங்கிவிட்டாய். வீட்டுக்கு வா, பேசிக்கொள்ளலாம்." வரமாட்டேன் என்று பதில் அனுப்பினேன்.

ஜெசிந்தா என் பெட்டியையும் சேர்த்துக் கட்டிக்கொண்டிருக்கிறாள். "எங்க வீட்டுல மீன் நாத்தம் அடிக்கும்க்கா, பரவால்லையா?" என்று கேட்கிறாள். அடிக்கட்டும்.

அந்தப் பெண்ணின் பெயர் எனக்குத் தெரியப்போவதில்லை. சடகோபன் சாரிடம் கேட்டுப் பார்த்தேன், அவருக்கே தெரியாதாம். தேர்ச்சி, அவ்வளவுதான் என்னால் அவளுக்குக் கொடுக்க முடிந்தது. ஹாஸ்டலில் இடம் கிடைத்து வீட்டைவிட்டுக் கிளம்ப அவளுக்கு இன்னும் ஒன்றிரண்டு மாதமாவது ஆகும், அதுவரை அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டும். நான் இன்றைக்கே கிளம்புகிறேன்.